டிகாக்சின் சாப்பிடுற அப்பத்தாவுக்கு எல்லாம் மஞ்சளா தெரியுது – பதில்

தம்பி, தேவகோட்டையில இருக்க அப்பத்தா இதயத்துக்கு டிகாக்சினும், நீர் பிரியுறதுக்கு லாசிக்ஸும் சாப்பிடுறாங்க, நாலு நாளா குமட்டல், சோறு இறங்கல, வளவுல வெள்ளைச் சுவரே மஞ்சளா தெரியுதுங்கிறாங்க, நாடி 50ன்னு எழுதியிருக்கீங்க. இது பித்தம் இல்லப்பா, டிகாக்சின் உடம்புல கூடிப்போன மாதிரி இருக்கு. அடுத்த மாத்திரைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசிட்டு இன்னைக்கே ஈசிஜி எடுக்குற ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, மயக்கம் வந்தா உடனே 108.

டிகாக்சின் இதயத் தசையில சோடியம் பொட்டாசியம் பம்பைத் தடுக்கும், அதனால உள்ள கால்சியம் கூடி இதயம் அழுத்தமா சுருங்கும், அதே நேரம் துடிப்பையும் மெதுவாக்கும், அதான் ஹார்ட் ஃபெயிலியருக்கும் தாறுமாறா அடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் குடுக்குறாங்க. ஆனா மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி (நம்ம அரளி விஷமும் இதே வகைதான்). லாசிக்ஸ் பொட்டாசியத்தை இறக்கிவிட்டா டிகாக்சின் சாதா டோஸே ஓவராயிடும், கிட்னி வீக்கா இருந்தாலும் அப்படித்தான். அதுக்காக பொட்டாசியத்தை ஏத்துறோம்னு நீங்களா இளநீர் குடுக்காதீங்க, பொட்டாசியம் திடீர்னு ஏறினாலும் ஆபத்து.

ரத்தத்துல பொட்டாசியம், கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுறது), டிகாக்சின் லெவல் மூணும் பாக்கச் சொல்லுங்க, கடைசி மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது கழிச்சு எடுத்தாதான் லெவல் சரியா காட்டும். நிறைய டாக்டருங்க டிகாக்சினை வாரம் 5 நாள்தான் எழுதுவாங்க, சனி ஞாயிறு லீவு. சீட்டை எடுத்துப் பாருங்க, ஏழு நாளுமா குடுத்திருக்கீங்க?