கண்ணைக் கட்டி முடிச்சுப் போடச் சொல்லும் ஆசிரியருக்கு

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் 11 ஆண்டுகளாகச் சாரண ஆசிரியராக இருக்கிறேன். இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, விருப்பப்பட்டுச் செய்வது. இப்போது பெற்றோர் வாட்ஸ்அப்பில் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "பையனுக்கு ராஜ்ய புரஸ்கார் எப்போ சார்?" மாநில அளவில் தரும் அந்தச் சாரணர் விருதைப் பத்தாம் வகுப்புக்குள் வாங்கியாக வேண்டுமாம். வேறொரு பள்ளியில் ஒரு பையன் லாக் புக், அதாவது செய்ததைப் பதிவுசெய்யும் குறிப்பேடு, எழுதினால் போதும், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அங்கிருப்பவர் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார். நான் போடுவதில்லை. அதோடு, என் பையன்கள் கண்ணைக் கட்டிக்கொண்டும் முடிச்சுப் போட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு என் படையில் மூன்றே பேர்தான் தேறியிருக்கிறார்கள். பெற்றோருக்குக் கோபம். எல்லாம் தெரிந்த ஒரு பையன் மட்டும், "எனக்குப் பேட்ஜ் வேணாம் சார்" என்கிறான். அவன்தான் உண்மையான சாரணன் என்று நினைக்கிறேன். இந்தப் பேட்ஜ் முறையே பிள்ளைகளைக் கெடுக்கிறதா?
– பெயர் வேண்டாம், சேலம்.

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

பார்க்காததற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறீர்களே, அதில் உங்கள் பக்கம்தான் நான். கண்ணைக் கட்டுவதில் உங்கள் பக்கம் இல்லை. அந்தப் பையனைப் பற்றி நீங்கள் நினைப்பது சரியோ தப்போ, எனக்குப் பயமாக இருக்கிறது. நானும் சேலத்தில் பல வருஷம் சாரணியர் படை நடத்தியவள். ஏன் பயம் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பேட்ஜ் மேல் இருக்கும் கோபத்தைப் பேசிவிடலாம். நம்மைப் போன்ற பழைய ஆட்கள் பலர், ஆதியில் சாரணியம் சுத்தமாக இருந்தது, பேட்ஜ் வந்துதான் கெடுத்தது என்று நினைக்கிறோம். அப்படி ஒரு காலமே இருந்ததில்லை. சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களின் சட்டையில் பித்தளைச் சின்னம் இருந்தது. முடிச்சு, தடம் பார்ப்பது, கொடி ஆகிய சோதனைகளில் தேறியவர்களுக்கு அதன் கீழே மாட்டிக்கொள்ள இன்னொரு பித்தளைத் துண்டு, 'தயாராக இரு' என்ற வாசகத்தோடு. ஆக, இயக்கம் பிறந்தபோதே பேட்ஜும் பிறந்தது. பிள்ளைகளுக்குச் சட்டையில் ஏதாவது மின்ன வேண்டும் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

நம்மை மட்டும் விட்டுவிடலாமா? சாரண ஆசிரியர்களின் உயர் பயிற்சிக்குக் கொடுக்கும், கழுத்தில் இரண்டு மரமணி தொங்கும் ஹிமாலயா வுட் பேட்ஜ் வாங்கிய அன்று நான் வீட்டுக் கண்ணாடி முன்னால் எத்தனை நேரம் நின்றேன் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். மாவட்டக் கூட்டத்தில் மேடை நாற்காலி யாருக்கு, ஸ்கார்ஃப் யார் அணிவிப்பது என்று வளர்ந்தவர்கள் முறைத்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு வயதுப் பையன் கைப்பட்டையில் ஒரு வட்டத் துணிக்கு ஆசைப்பட்டால் மட்டும் நமக்கு ஏன் முகம் கோணுகிறது?

இனி கண்கட்டு. புத்தகத்தில் கேட்காத ஒன்றை நீங்கள் கேட்கிறீர்கள். ஏன் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பையனின் திறமைக்காகவா, 'அம்மாப்பேட்டை சார் படை என்றால் சும்மா இல்லை' என்ற பேச்சுக்காகவா? அமெரிக்கச் சாரணர்களிடம் இதற்கு ஒரு நல்ல விதி உண்டு. அங்கே உச்சப் படியான ஈகிள் ஸ்கவுட் ஆக மற்ற தேவைகளோடு 21 மெரிட் பேட்ஜ் வேண்டும். யாராக இருந்தாலும் அந்தத் தேவைகளில் ஒன்றைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. குறைப்பவரைத் திட்டுகிற நாம், கூட்டுபவரைக் கண்டிப்பானவர் என்று பாராட்டுகிறோம். குழந்தைக்கு இரண்டும் ஒரே அநியாயம்தான். விதி ஒன்று, வாத்தியார் ஒன்று என்று அது கற்றுக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. பேட்ஜுக்கு அளவுகோல் வேலையின் தரம் அல்ல, அந்தப் பிள்ளை போட்ட உழைப்பு என்பதைப் பேடன் பவல் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பள்ளித் தேர்வு வேறு, இது வேறு. விரல் தடிமனான பையன் ஆறு வாரம் போராடி ஒரு போலைன் முடிச்சுப் போட்டால், ஆறு நொடியில் போட்டவனைவிட அவனுக்கே அது பொருந்தும். உங்கள் கண்கட்டு இந்தத் தடிவிரல்காரனைத்தான் முதலில் வெளியே தள்ளும். தேறாதவர்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் அவன் இருப்பான்.

கண்டிப்பு வேண்டும் என்றால் கண்டிப்பாக இருக்க நல்ல இடம் இருக்கிறது: ஏற்காடு. வகுப்பறை பெஞ்சில் இரண்டு ஷூ லேஸை வைத்து எடுக்கும் முடிச்சுச் சோதனையை விட்டுவிடுங்கள். படையை மலைக்குக் கூட்டிப் போங்கள். மத்தியானம் மூன்று, நான்கு மணிக்கு மேல் மூடுபனி இறங்கும், அடுப்புக்கு மேலே தார்ப்பாய் கட்டியாக வேண்டும். ஒரு பக்கம் தடித்த நைலான் கயிறு, இன்னொரு பக்கம் நைந்துபோன தேங்காய் நார்க் கயிறு. நீளம் போதவில்லை, இரண்டையும் சேர்க்க வேண்டும். எந்த முடிச்சு என்று நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒரே தடிமன் கயிறுகளுக்கான ரீஃப் முடிச்சைப் போட்டவன் கயிறு கொஞ்ச நேரத்தில் வழுகும், பாய் ஒரு மூலையில் தொங்கி, தேங்கிய தண்ணீர் சாம்பார் பாத்திரத்தில் கொட்டும். ஷீட் பெண்ட் போட்டவன் கயிறு நிற்கும். தடிமன் வேறுபட்ட கயிறுகளுக்கு அதுதான் என்று அதற்கப்புறம் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சாம்பார் போன அணி அடுத்த வாரமே வந்து, "மறுபடி டெஸ்ட் வைங்க சார்" என்று கேட்கும். வையுங்கள். கற்ற அன்றே சோதிக்காதீர்கள், இரண்டு மூன்று வாரம் விட்டுச் சோதியுங்கள். தேறவில்லை என்றால் 'இன்னும் இல்லை, 20ஆம் தேதி வா' என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். வெறும் 'இல்லை' என்று அனுப்பாதீர்கள்.

முதலுதவிக்கு நீங்களே சோதகராக இருக்க வேண்டாம். 108 வண்டியில் வேலை செய்பவர் யாராவது ஊரில் இருப்பார், ஓய்வு நாளில் கூப்பிடுங்கள், வருவார்கள். சமையல் பேட்ஜுக்குப் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு மெஸ் மாஸ்டரைக் கூப்பிட்டேன் ஒரு முறை. பிள்ளைகள் கிண்டிய உப்புமாவை ஒரு வாய் வைத்துவிட்டு, "தாளிச்சது யாரு?" என்றார். கை தூக்கிய பெண்ணிடம், "கடுகு வெடிக்கறதுக்கு முன்னாடியே ரவையக் கொட்டிட்ட கண்ணு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் அடுத்த மாதம் தானே வந்து மறுபடி செய்து காட்டினாள். நான் சொல்லியிருந்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள்.

அந்தப் பக்கத்து ஆசிரியரோடும் இதே வழிதான். அவர் மேல் புகார் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பத்துப் பாடவேளைக்கு நடுவில் சாரணியத்தையும் தலையில் கட்டினால் மனிதர் வேறு என்ன செய்வார்? "உங்கள் பிள்ளைகளை நான் சோதிக்கிறேன், என் பிள்ளைகளை நீங்கள் சோதியுங்கள்" என்று கேளுங்கள். அந்நியப் பையன் முன்னால் நின்று, தெரியாததற்குக் கையெழுத்துப் போடக் கொஞ்சம் கூச்சம் வரும். ஒரு வருஷம் இப்படி மாற்றிக்கொண்டாலே லாக் புக் காப்பி பாதி குறையும். குறையாவிட்டாலும் உங்கள் கையெழுத்து உங்களோடு. சாரணர் சட்டத்தின் முதல் வரியே நம்பத் தகுந்தவர் என்பதுதான். பொய்க் கையெழுத்தில் வாங்கிய பேட்ஜைக் குத்திக்கொண்டு பையன் அந்த வரியைச் சொல்லும்போது, கையெழுத்துப் போட்டவரும் எதிரே நின்று கேட்டுக்கொண்டுதானே இருக்க வேண்டும்?

பெற்றோரைக் கோபிக்காதீர்கள். பாதிப் பேருக்கு யாரோ அரைகுறையாகச் சொன்ன ஆசை அது. 'சாரணர் சான்றிதழ் இருந்தால் ரயில்வே வேலை' என்ற பேச்சு சேலத்தில் கொஞ்சம் கூடவே ஓடும். 2007இல் சேலம் கோட்டம் வந்ததிலிருந்து ரயில்வே என்றால் நமக்கு வீட்டு வாசலில் இருக்கும் வேலை. ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். ஆனால் அந்த அறிவிப்புகளில் கேட்பது ராஜ்ய புரஸ்காருக்கும் மேலான ராஷ்ட்ரபதி விருதோ ஹிமாலயா வுட் பேட்ஜோ. கூடவே ஐந்து ஆண்டு இயக்கத்தில் துடிப்பாக இருந்ததற்கும், மாநில, தேசிய அளவு நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டதற்கும் சான்று. அதன் பிறகு எழுத்துத் தேர்வும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் அவசரமாக வாங்கிய ராஜ்ய புரஸ்கார் மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் நடக்காது. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, பழைய அறிவிப்பு ஒன்றை அச்செடுத்துக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். அவசரப்படுத்துவதால் லாபம் இல்லை என்று தெரிந்தால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மீதிப் பேரை ஏற்காடு முகாமுக்குச் சமையல் உதவிக்குக் கூப்பிடுங்கள். தார்ப்பாய் கட்டுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்த அப்பா, வாட்ஸ்அப்பில் தேதி கேட்க மாட்டார்.

இப்போது 'பேட்ஜ் வேணாம் சார்' பையன்.

என் படையில் சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்தாள், ஏழாம் வகுப்பு. வீட்டில் வெண்பட்டுத் தறி. பள்ளிக்கு வரும் முன் காலையில் தறிக்குத் தார் சுற்றி, அதாவது ஊடை நூலைக் குழலில் சுற்றிக் கொடுத்துவிட்டு வருவாள். நான் வகுப்பில் ஷீட் பெண்ட் சொல்லிக்கொடுத்த அன்று, பாதி சொல்லும்போதே முடித்துக் காட்டினாள். கயிற்றைப் பார்க்கவே இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன. "இது அறுந்த இழைக்கு எங்க வீட்ல போடற முடி தான மிஸ்?" என்றாள். உண்மைதான். நெசவாளி இழைக்குப் போடுவதும் நாம் ஷீட் பெண்ட் என்பதும் அமைப்பில் ஒரே முடிச்சு. அன்றைக்கு நான்தான் மாணவி.

நான்கு வருஷத்தில் அந்தப் பெண் எல்லாம் கற்றாள். ராஜ்ய புரஸ்கார் டெஸ்டிங் கேம்புக்குப் பெயர் கேட்டபோது, "எனக்கு வேணாம் மிஸ். தெரிஞ்சா போதாதா?" என்றாள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பிறகு ஆசிரியர் பயிற்சி முகாம்களில் எத்தனை முறை இதைச் சொல்லியிருப்பேன்! 'பேட்ஜுக்கு ஆசைப்படாத சாரணி' என்று ஒரு தலைப்பே வைத்திருந்தேன். கேட்டவர்கள் கை தட்டினார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஏற்காடு பேருந்தில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் குழந்தை வாந்தி எடுக்காமல் தூங்கியது, நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தோம். நான் பெருமையாக அந்தப் பழைய கதையை எடுத்தேன், உன்னைப் பற்றி எல்லோருக்கும் சொல்வேன் என்றேன். அவள் சிரித்தாள். "மிஸ், கேம்ப் பீஸ் முந்நூறு ரூபாய். புது யூனிபார்ம் வேற. மூணு நாள் நான் இல்லைன்னா தார் யாரு சுத்தறது? அப்பாகிட்ட நான் கேக்கவே இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க காரணம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

அதற்கப்புறம் அந்தக் கதையை நான் எந்த முகாமிலும் சொன்னதில்லை.

உங்கள் பையனும் அப்படியே என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே பேட்ஜில் விருப்பம் இல்லாத பிள்ளைகள் உண்டு, அவர்களை அப்படியே விட்டுவிடலாம், படையில் இருந்தால் போதும். சிலருக்கு லாக் புக் எழுதுவதுதான் பேய். கை எல்லாம் செய்யும், நான்கு வரி எழுதச் சொன்னால் ஓடுவார்கள். அவர்களுக்கு வாரம் அரை மணி நேரம் கூட உட்காருங்கள், படம் வரைந்து இரண்டு வரி எழுதினாலும் அது அவர்களுடைய லாக் புக்தான். சிலருக்குப் பணம். அதற்கு ஊரில் வழி இருக்கிறது. பழைய மாணவர்களிடம் பையனின் பெயர் சொல்லாமல் கேட்டால் முகாம் கட்டணம் ஒரே நாளில் வந்துவிடும். இன்னும் சிலருக்கு, முன்னே ஒரு தடவை கண்ணைக் கட்டி எல்லோர் முன்னாலும் தோற்றது மறந்திருக்காது.

எதுவென்று அவனைத்தான் கேட்க வேண்டும். ஆனால் எல்லோர் முன்னாலும் வேண்டாம், 'ஏன்டா வேணாங்கற' என்று நேராகவும் வேண்டாம். அடுத்த முறை சேர்வராயன் கோவில் வரை நடந்து போனால், திரும்பி ஏரிப் பக்கம் இறங்கும்போது அவனோடு கடைசியில் நடங்கள். ஏறும்போது பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும், பேச மாட்டார்கள். இறங்கும்போது பேசுவார்கள்.