புது ரேடியேட்டர் வாங்குவதற்கு முன்னால்

கேள்வி: ஐந்து மாதம் முன்பு பழைய டீசல் லாரி ஒன்று வாங்கினேன். காலியாகப் போனால் ஒரு தொந்தரவும் இல்லை. லோடு ஏற்றி மேடேறினால் ஹீட் முள் மளமளவென்று ஏறுகிறது. ஓரங்கட்டி ஐடிலில் விட்டால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் காவி நிறத்தில் இருக்கிறது. ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூடேறினால் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வை, கழற்றிவிட்டார். சில நாள் சரியான மாதிரி இருந்தது, இப்போது மறுபடியும் அதே கதை. இன்னொருவர் புது ரேடியேட்டர் போட்டால்தான் தீரும் என்கிறார். வாங்கிவிடலாமா, சுத்தம் செய்தாலே போதுமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். ரேடியேட்டர் அடைத்திருப்பதற்கான அடையாளமெல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை அடைத்த அழுக்கு எது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் புதிதைப் பொருத்தினால், இன்ஜின் பிளாக்குக்குள் தங்கியிருக்கும் மிச்ச அழுக்கு புது ரேடியேட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாளில் முள் மறுபடி ஏறும், இரண்டாவது ரேடியேட்டர் வாங்க வேண்டியிருக்கும். அந்த நிலைமை உங்களுக்கு வரக் கூடாது.

காலி வண்டியில் ஏன் தெரிவதில்லை என்று கேட்டால், டீசலில் இருக்கும் சக்தியில் பாதிக்கும் மேல் சக்கரத்துக்குப் போகாமல் வெப்பமாகவே வெளியேறுகிறது. புகையோடு ஒரு பங்கு போகிறது, இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றி ஓடும் திரவமான கூலண்ட் வழியாக ரேடியேட்டருக்கு ஒரு பங்கு வருகிறது. காலியாக ஓடும்போது எரியும் டீசல் குறைவு. ரேடியேட்டர் குழாய்களில் கணிசமானவை அடைத்திருந்தாலும் மீதிக் குழாய்கள் சமாளித்துவிடும். லோடும் மேடும் சேர்ந்தால் முடியாது. நீங்கள் இதற்கு நேர்மாறாக, நின்றால் ஹீட் ஆகிறது, ஓடினால் இறங்குகிறது என்று எழுதியிருந்தால் ஃபேனைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஃபேன் கிளட்சையும் பெல்ட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மேட்டில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுப்பதுதான் காற்று.

செலவில்லாத சோதனையிலிருந்து ஆரம்பிக்கலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஃபேன் பக்கமிருந்து ரேடியேட்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னால் இருக்கும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வெளியே பளிச்சென்று தெரியும், அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில்தான் விஷயம் இருக்கிறது. பூச்சி, வைக்கோல் துரும்பு, புழுதி எல்லாம் அங்கே போய் அடையும். எங்காவது ஆயில் கசிந்திருந்தால் அதில் புழுதி ஒட்டிக் கம்பளி போலப் படிந்திருக்கும். முன்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்தால் அது இன்னும் உள்ளேதான் போகும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாக, அழுத்தம் குறைவாக வைத்து அடிக்க வேண்டும். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று வழியே அடைத்துப்போகும். முடிந்தால் இன்டர்கூலரைத் தளர்த்தி நகர்த்திவிட்டுக் கழுவுங்கள். சில வண்டிகளில் இதோடே பிரச்சினை தீர்ந்துவிடும்.

உங்கள் வண்டியில் இது மட்டும் போதாது, காவித் தண்ணீர் சொல்கிறது. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கூலண்டை ஒரு வெள்ளை வாளியில் இறக்கிக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தங்குவதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். செங்கல் பொடி போல வந்தால் துரு. வெறும் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நறநறவென்று வெள்ளைச் செதில் வந்தால், உப்புத் தண்ணீர் ஊற்றிப் படிந்த சுண்ணாம்பு. கொழகொழவென்று ஜெல்லி போல இருந்தால், ஒன்றோடொன்று சேராத இரண்டு வகை கூலண்டைக் கலந்திருக்கலாம். விரலில் வழுக்கி, தண்ணீரில் கழுவினாலும் போகாமல், பழுப்பு நிறத்தில் மோர் திரிந்த மாதிரி இருந்தால் ஆயில் கலந்திருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆயில் கூலரோ, சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டோ விட்டுப்போயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் ரேடியேட்டருக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு காசும் வீண்.

இதோடு இன்னொரு சோதனையும் அவசியம். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறிய பிறகும் குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு கூலண்டுக்குள் நுழைகிறது. பட்டறைகளில் இதைச் சோதிக்க நிறம் மாறும் ஒரு திரவம் வைத்திருப்பார்கள். அதைச் செய்து பார்க்காமல் பெரிய செலவு எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

அடைப்பு எவ்வளவு என்பதை ரேடியேட்டரைக் கழற்றாமலே தெரிந்துகொள்ளலாம். வண்டி நன்றாகச் சூடேறியதும், தொடாமலே வெப்பம் பார்க்கும் இன்ஃப்ராரெட் மீட்டரை ரேடியேட்டர் முகத்தில் கட்டம் கட்டமாகக் காட்டிக்கொண்டு வாருங்கள். கூலண்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரைக்கும் வெப்பம் சீராகக் குறைய வேண்டும். நடுவில் திடீரென்று ஒரு திட்டு ஜில்லென்று காட்டினால் அந்தக் குழாய்களில் ஓட்டமே இல்லை. ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றும், கையைத் தள்ளியே வையுங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள், புதிதாகவே வாங்கிப் போடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பல டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கும். அது இல்லையென்றால் சூடான கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்ச்சி கூடும் என்று கழற்றியது, லோடில் ஹீட்டைக் கூட்டும்.

சரி, துருவும் சுண்ணாம்பும்தான் என்று தெரிந்தால் சுத்தம் செய்து பார்க்கலாம். சிட்ரிக் அமிலம் சேர்ந்த கூலிங் சிஸ்டம் கிளீனர்கள் இதற்கென்றே கிடைக்கின்றன, டப்பாவில் சொன்ன அளவும் நேரமும் தாண்டக் கூடாது. தரை கழுவும் ஆசிட் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அலுமினியத்தை அது தின்றுவிடும். ஆயில் கலந்த கசடுக்கு இந்த அமிலம் கேட்காது, ஆயிலைக் கரைக்கும் நுரைக்காத கிளீனர்தான் வேண்டும். அப்புறம் பிளாக்கையும் ரேடியேட்டரையும் ஹோஸ் கழற்றித் தனித்தனியாக, கூலண்ட் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிர்த் திசையில் கழுவ வேண்டும். சேர்த்துக் கழுவினால் பிளாக்கின் அழுக்கு ரேடியேட்டரில்தான் இறங்கும். கேபின் ஹீட்டர் இருந்தால் அதன் வால்வையும் திறந்து வையுங்கள், இல்லையென்றால் அங்கே கொஞ்சம் கசடு தங்கிவிடும். தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாமல் அலசுங்கள். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். இதே கையோடு கீழ் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால், இன்ஜின் வேகம் கூடும்போது வாட்டர் பம்ப் இழுப்பில் அது ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். ரேடியேட்டர் மூடியும் மாற்ற வேண்டிய சாமான்தான். அந்த மூடி 15 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால்தான் கொதிக்கும். ரப்பர் செத்துப்போயிருந்தால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஜில்லென்ற திட்டுகள் அப்படியே இருந்தால் ரேடியேட்டருக்குக் கை வையுங்கள். செம்பு, பித்தளை ரேடியேட்டராக இருந்தால் டேங்க்கைப் பிரித்துக் குழாய்க்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம், அல்லது குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியான கோர் மட்டும் மாற்றலாம். அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்க்கும் என்றால் பெரும்பாலும் புதிதுதான். வாங்கும்போது பழையதைக் கடைக்கே கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோரின் கனம், குழாய் வரிசை எத்தனை, ஒரு விரற்கடைக்குள் எத்தனை தகடுகள் என்று எண்ணுங்கள். வெளி அளவும் போல்ட் துளையும் அச்சாகப் பொருந்தும், குழாய் மட்டும் ஒரு வரிசை குறைந்திருக்கும். விலை மலிவின் ரகசியம் பல நேரம் அந்த ஒரு வரிசைதான்.

கேள்வி: கூலண்ட் பச்சையாக இருந்தால் பச்சை, சிவப்பாக இருந்தால் சிவப்பு ஊற்றினால் போதும்தானே? தண்ணீரே போதும் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். லாரி போன்ற கனரக இன்ஜினுக்கான கூலண்டில் ஏஎஸ்டிஎம் டி 6210 என்ற தர எண் போட்டிருக்கும். டி 3306 மட்டும் இருந்தால் அது காருக்கும் சிறிய வண்டிகளுக்குமானது. அதோடு உங்கள் இன்ஜின் கையேடு சொல்லும் தரமும் பொருந்த வேண்டும். கான்சென்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம், விலையை ஒப்பிடும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

வெறும் தண்ணீர் துருவோடு நிற்பதில்லை. கனரக டீசலில் சிலிண்டரின் உட்குழலான லைனரைச் சுற்றி நேரடியாகக் கூலண்ட் ஓடும். ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிரும், அதன் வெளிச்சுவரில் நுண்குமிழ்கள் தோன்றி உடையும், உடைந்த இடத்தில் இரும்பு அரிக்கும். பழைய லைனர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் ஊசியால் குத்தினது போலக் குழிகள் தெரியும். ஒரு குழி உள்வரைக்கும் போய்விட்டால் கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கும். அதைத் தடுக்கும் மருந்து கனரகக் கூலண்டில்தான் இருக்கிறது.

கேள்வி: நடுவழியில் முள் சிவப்புக்குப் போய்விட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பாக ஓரங்கட்டுங்கள். கூலண்ட் கொட்டவில்லை, பெல்ட் அறவில்லை என்றால் ஐடிலில் ஓடவிட்டு முள்ளைப் பாருங்கள். நீராவியாகக் கொட்டினாலோ, முள் இறங்கவே இல்லை என்றாலோ இன்ஜினை நிறுத்திவிடுங்கள். மூடியைத் தொடாதீர்கள். திறந்த கணத்தில் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்கிற சூட்டுக்கு வந்த பிறகு, துணி சுற்றி, மெதுவாக ஒரு திருகு திருகி அழுத்தம் இறங்கவிட்டுத் திறங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம், அதனால் காத்திருங்கள். இறக்கும் கூலண்டை வாளியில் பிடித்து மூடி வையுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தரையில் தேங்கினால் நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் செத்துப்போகும்.