ஆறு மணிக்கு மேல் சேனல்கள் உடைந்தால் எங்கே தேடுவது?

கேள்வி: லண்டன் ஹேரோவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கூரையில் பழைய ஆன்டெனா, அதில்தான் மாதக் கட்டணமில்லாத ஃப்ரீவியூ டிவி பார்க்கிறோம். மூன்று வாரமாக மாலை ஆறு மணிக்கு மேல் ஸ்கை நியூஸ் உட்பட நிறைய சேனல்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன, சத்தம் விட்டுவிட்டு வருகிறது. பிபிசி, ஐடிவி, சேனல் 4 நன்றாகத் தெரிகின்றன. மூன்று தடவை ரீட்யூன் செய்தேன், அதாவது டிவியைச் சேனல்களை மறுபடி தேடவைத்தேன்; உடைந்துகொண்டிருந்த சேனல்கள் பட்டியலிலிருந்தே போய்விட்டன. சிக்னலைப் பெரிதாக்கும் பூஸ்டர் ஒன்றைக் கடையில் வாங்கி மாட்டினேன், இப்போது பிபிசியும் திணறுகிறது. மாமியாருக்குப் பொழுது போவதே டிவியில்தான். ஆன்டெனாவை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த பூஸ்டரைக் கழற்றி வையுங்கள். மாலை நேரத்தில் ரீட்யூன் பக்கமும் போகாதீர்கள். எந்தச் சேனல் போயிற்று, எது நிற்கிறது, எந்த நேரத்தில் என்று மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடுகிறது. வெறும் "டிவி வரவில்லை" என்று எழுதியிருந்தால் நானும் ஆன்டெனாவை மாற்றச் சொல்லியிருப்பேன்.

டிஜிட்டல் ஒளிபரப்பில் சேனல்கள் தனித்தனியாக வருவதில்லை. பத்துப் பதினைந்து சேனல்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஓர் அலைவரிசையில் அனுப்புகிறார்கள். மல்டிப்ளெக்ஸ் என்பது அந்த மூட்டைதான். பிரிட்டனில் முக்கியமானவை ஆறு. பிபிசிக்கு ஒன்று, ஐடிவி - சேனல் 4 - சேனல் 5 சேர்ந்து ஒன்று, எச்டி சேனல்களுக்கு ஒன்று என மூன்று பொதுச் சேவை மூட்டைகள். ஸ்கை நியூஸ் போன்றவை மீதி மூன்று வணிக மூட்டைகளில் வருகின்றன. பொதுச் சேவை மூட்டைகள் நாட்டின் 98.5 சதவீத வீடுகளை எட்டும், வணிக மூட்டைகள் 90 சதவீத அளவில் நின்றுவிடும். பெரிய கோபுரத்தின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் சிறிய ரிலே கோபுரங்கள் பலவற்றில் வணிக மூட்டைகளே கிடையாது.

உங்கள் ஆன்டெனா பெரும்பாலும் தெற்கு லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்தைப் பார்த்துத்தான் நிற்கும். அங்கே பொதுச் சேவை மூட்டைகள் 23, 26, 30 ஆகிய யுஎச்எஃப் அலைவரிசை எண்களிலும், வணிக மூட்டைகள் 22, 25, 28 ஆகியவற்றிலும் வருகின்றன. இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 22 உடைகிறது, ஒட்டினாற்போல் உள்ள 23 நிற்கிறது. 25 உடைகிறது, 26 நிற்கிறது. ஒவ்வொன்றின் அகலமும் வெறும் 8 மெகாஹெர்ட்ஸ். ஆன்டெனா திசை மாறியிருந்தாலோ, இந்த அலைவரிசைக்கே பொருந்தாததாக இருந்தாலோ, பக்கத்துப் பக்கத்து எண்கள் இப்படி ஒன்று விட்டு ஒன்று சாகாது.

அப்புறம் ஏன் வணிக மூட்டைகள் மட்டும்? ஒவ்வொரு மூட்டையிலும் படத்தோடு, வழியில் சேதமானதைச் சரிசெய்வதற்கான கூடுதல் தரவும் சேர்ந்து வருகிறது. பிபிசி, ஐடிவி மூட்டைகளில் இந்தக் காப்பு மூன்றில் ஒரு பங்கு. வணிக மூட்டைகளில் நான்கில் ஒரு பங்குதான். அதிகச் சேனல்களைத் திணிப்பதற்காகக் காப்பைக் குறைத்திருக்கிறார்கள். எச்டி மூட்டை டிவிபி-டி2 என்ற புதிய முறையில் வருவதால் அதுவும் தாக்குப்பிடிக்கும். ஆகவே சிக்னலில் இரைச்சல், அதாவது வேண்டாத மின் அலைகள், ஏறும்போது முதலில் விழுவது 22, 25, 28. பழைய அனலாக் டிவியாக இருந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து முன்கூட்டியே எச்சரித்திருக்கும். டிஜிட்டலில் கடைசி நிமிடம் வரை படம் பளிச்சென்று இருக்கும், பிறகு ஒரேயடியாகப் போய்விடும்.

ஆக, உங்கள் வீட்டுச் சிக்னல் ரொம்ப நாளாகவே விளிம்பில் நின்றிருக்கிறது. ஆறு மணிக்கு ஏதோ ஒன்று அதைத் தள்ளிவிடுகிறது. தள்ளுவது எது, விளிம்புக்குக் கொண்டுவந்தது எது என்று இரண்டையும் பிடிக்க வேண்டும்.

நாளைக் காலை, படம் நன்றாக வரும் நேரத்தில், ஒரே ஒரு தடவை ரீட்யூன் செய்யுங்கள். மாலையில் செய்ததுதான் சேனல்கள் தொலைந்ததற்குக் காரணம். அந்த நேரத்தில் பிடிபடாத மூட்டையை டிவி பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பகுதி கேட்டால் லண்டனைத் தேர்ந்தெடுங்கள். பிபிசி ஒன் சேனலில் வேறு ஊர்ச் செய்தி வந்தாலோ, சேனல்கள் 800க்கு மேல் போய் உட்கார்ந்தாலோ டிவி வேறு கோபுரத்தைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மேனுவல் ட்யூனிங்கில் 22, 23, 25, 26, 28, 30 என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

மாலையில் ஸ்கை நியூஸை வைத்துவிட்டு, டிவி மெனுவில் சிக்னல் விவரம் காட்டும் திரையைத் திறங்கள். பலம், தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். தரத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வீட்டில் ஆறு மணிக்கு மேல் போடும் பொருள்களை ஒவ்வொன்றாக அணைக்கட்டும். வெம்ப்ளியில் ஒரு வீட்டில் இதைத்தான் செய்தோம். சமையலறைக் கூரையில் ஆறு சிறிய எல்இடி விளக்குகள். அம்மா ஐந்தரைக்கு இரவுச் சாப்பாடு செய்ய விளக்கைப் போடுவார், முன்னறையில் படம் உடையும். பையன் சுவிட்சைப் போட்டதும் தரக் கோடு 80லிருந்து 35க்கு இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அணைத்ததும் ஏறிவிட்டது. விளக்குகளுக்கு மின்சாரம் தரும் மலிவான டிரான்ஸ்ஃபார்மர்கள்தான் குற்றவாளி. அவற்றை மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது. போன் சார்ஜர், வைஃபை பெட்டியின் அடாப்டர், டிவிக்குப் பின்னால் செருகிய ஸ்ட்ரீமிங் குச்சி, உறை சரியில்லாத எச்டிஎம்ஐ வயர் எல்லாமே இதைச் செய்யக்கூடியவை. பழைய பேட்டரி ரேடியோ இருந்தால் ஏஎம்மில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து வீட்டைச் சுற்றி வாருங்கள். சந்தேகமான பொருளுக்கு அருகே போனதும் கரகரப்பு கூடும்.

இதை மிகை என்று நினைக்க வேண்டாம். வேல்ஸில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் 18 மாதங்கள் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதும் இணையம் தடுமாறியது. ஒரு வீட்டில் அந்நேரத்துக்குப் போடும் பழைய டிவி கக்கிய மின் இரைச்சல்தான் காரணம் என்று 2020ல் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

இனி விளிம்புக்குக் கொண்டுவந்தது எது என்பது. எனக்கு முதல் சந்தேகம் வயர்மேல். சுவரிலிருந்து டிவிக்கு வரும் வயரின் முனையைக் கழற்றி, பிளக்கின் மூடியைத் திருகித் திறந்து பாருங்கள். வெளிப்பின்னலின் ஒரே ஒரு மயிரிழை நடுச் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால்கூடப் போதும், சிக்னல் சரிந்துவிடும். செம்பு பளபளவென்று இருக்க வேண்டும். கருத்தோ பச்சை பூத்தோ இருந்தால் மேலிருந்து மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த வயரைத் தூக்கி எறிந்துவிட்டு, சாட்டிலைட் டிஷ்ஷுக்குப் போடும் இரட்டை உறை வயரைப் போடச் சொல்லுங்கள். உறை நன்றாக இருந்தால் வீட்டு இரைச்சலும் உள்ளே நுழையாது, இரண்டு பிரச்சினைக்கும் அதுவே மருந்தாகலாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஆன்டெனா கம்பத்திலோ பரணிலோ முன்பே ஒரு பூஸ்டர் இருந்தால், அதற்கு மின்சாரம் தரும் சின்ன வெள்ளைப் பெட்டி டிவிக்குப் பின்னாலோ பரணிலோ செருகியிருக்கும். தீபாவளிக்குச் சீரியல் லைட் போட அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறந்துபோன வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வாங்கிய பூஸ்டர் ஏன் நிலைமையைக் கெடுத்தது? கெட்டுப்போன சிக்னலை அது சீர்செய்வதில்லை, இரைச்சலோடு சேர்த்துப் பெரிதாக்குகிறது. மொபைல் சிக்னல் வேறு இருக்கிறது. முன்பு டிவிக்கு 862 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் இருந்தது. 800 பகுதி 4ஜிக்குப் போனது. 700 பகுதியையும் 2020 ஆகஸ்டுக்குள் காலி செய்து மொபைலுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது டிவி 470 முதல் 694 வரைதான். பழைய கணக்கில் செய்த பூஸ்டர் அதற்கு மேலுள்ள மொபைல் சிக்னலையும் விழுங்கித் திணறும். பலக் கோடு உச்சியில், தரக் கோடு தரையில் என்றால் இதுதான்.

வீட்டருகே புது மொபைல் கோபுரம் வந்திருந்தால் ரிஸ்டோர் டிவி என்ற அமைப்பைக் கேளுங்கள். மொபைல் நிறுவனங்களின் செலவில் நடப்பது; பாதிப்பு உள்ள வீடுகளுக்கு மொபைல் சிக்னலைத் தடுக்கும் வடிகட்டியை இலவசமாகத் தருகிறார்கள். அவர்கள் முன்கூட்டி அனுப்பும் அஞ்சலட்டையை விளம்பரம் என்று பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பூஸ்டர் இருக்கும் வீட்டில் வடிகட்டியை பூஸ்டருக்கு முன்னால், அதாவது ஆன்டெனா பக்கம் மாட்ட வேண்டும். பின்னால் மாட்டினால் பயனில்லை.

வானிலையை உங்கள் விஷயத்தில் சந்தேகப்படவில்லை. காற்றழுத்தம் உயர்ந்திருக்கும் நாட்களில் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்துச் சிக்னல்கள் இங்கே வந்து மோதும். 1980களில் தமிழகக் கடலோர ஊர்களில் நீளமான ஆன்டெனா வைத்து இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தோமே, சில நாள் துல்லியமாகவும் சில நாள் ஒன்றுமே இல்லாமலும், அதே விளையாட்டுதான். ஓரிரு நாளில் போய்விடும், கடிகாரம் பார்த்து மூன்று வாரம் வராது. கோபுரத்தில் வேலை நடக்கிறதா என்பதை மட்டும் ஃப்ரீவியூ இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். வடக்கு இங்கிலாந்தின் பில்ஸ்டேல் கோபுரம் 2021 ஆகஸ்டில் தீப்பிடித்தபோது, விஷயம் தெரியாமல் ரீட்யூன் செய்து செய்து அலுத்தவர்கள் ஏராளம்.

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மாலையில் தரம் விழுகிறதென்றால் இரைச்சல் பக்கத்து வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ வருகிறது. அதை பிபிசியின் இடையூறு விசாரணைப் பிரிவுக்கு எழுதலாம். பிரிட்டனில் அந்தப் பொறுப்பு அவர்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் குறித்துவைத்த தேதி, நேரம், சேனல் எண்களை அப்படியே கொடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஆள் கூப்பிட வேண்டி வந்தால், கூரையில் நீங்கள் ஏற வேண்டாம், ஈர ஓடு வழுக்கும். வருபவரிடம் பிபிசியைக் காட்டி "சரியாக வருகிறது" என்று சொல்ல விடாதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லி, 22, 25, 28 ஆகிய மூன்றின் அளவையும் மீட்டரில், டிவிக்குச் செல்லும் சுவர் முனையிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.