கழுத்து வலிக்கு ஹிஜாமா (கப்பிங்) எடுத்துக்கொள்ளலாமா? உண்மையில் பலன் உண்டா?

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர் போலிருக்கிறது நீங்கள். உறவினர் யாராவது "ஒரு தடவை எடுத்துத்தான் பாரேன்" என்று நச்சரித்திருப்பார். நானும் அப்படிப் போனவன்தான். தக்கலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் குனிந்தே கிடக்கும் கழுத்து எனக்கு.

எங்கள் பக்கம் இதற்குப் பழைய பெயர் கொம்பு வைத்தல். மாட்டுக் கொம்பின் நுனியில் துளை போட்டு, வாயகன்ற பக்கத்தை முதுகில் பதித்து, துளையில் வாய் வைத்து உறிஞ்சி, சட்டென்று மெழுகால் அடைத்துவிடுவார்கள் என்று வாப்பா சொல்வார். பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையிலும் ரத்தம் உறிஞ்சி எடுக்கக் கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டைப்பூச்சி மூன்றும் உண்டு. ஆகவே "அரபு நாட்டு இறக்குமதி" என்று சண்டைக்கு வருபவர்கள் வேறு பதிலுக்குப் போகலாம்.

நான் போனபோது கொம்பெல்லாம் இல்லை. பிளாஸ்டிக் கோப்பை, அதில் காற்றை இழுக்கக் கையால் அழுத்தும் பம்ப். தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்து இழுத்ததும், தையல் ஊசி மாட்டிக்கொண்ட துணியைப் போலத் தோல் மேலே எழுந்தது. சில நிமிடம் கழித்துக் கோப்பையை எடுத்து, பிளேடு நுனியால் மெல்லிய கீறல்கள் போட்டு, மறுபடி வைத்தார்கள். வலி எறும்புக்கடி அளவுதான். கோப்பையில் கருஞ்சிவப்பாக ஜெல்லி போல ரத்தம். "பார்த்தீர்களா, கெட்ட ரத்தம்" என்றார் செய்தவர். அன்று நம்பினேன். தோலடி நுண்குழாய்களின் ரத்தம் கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும், வெளியே வந்தால் உறையத்தான் செய்யும் என்று பிறகு தெரிந்தது. கழிவை வெளியேற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. முதுகில் விழும் வட்டத் தழும்பும் நஞ்சு அல்ல. இழுப்பில் சிறு ரத்தக்குழாய்கள் உடைந்து கன்றிப்போவது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோளில் உலகமே பார்த்தது அதைத்தான்.

ஆனால் வலி குறைந்தது. ஒன்றரை மாதம் கழுத்தைத் திருப்பி நூல் கோத்தேன். மனப்பிரமை என்பீர்கள், இருக்கலாம். ஆய்வுகளும் வலிக்குக் கொஞ்ச காலம் ஆறுதல் கிடைப்பதாகத்தான் சொல்கின்றன, அவையும் பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். கோப்பை வைத்தார்களா இல்லையா என்று முதுகுக்குத் தெரியாமல் எப்படிச் சோதிப்பது?

அந்த மகிழ்ச்சியில்தான் தப்புச் செய்தேன். வாப்பாவையும் அழைத்துப் போனேன்.

பிறை பதினேழு, அதாவது இஸ்லாமிய மாதத்தின் பதினேழாம் நாள், ஒரு மண்டபத்தில் முகாம். ஹிஜாமாவுக்கு உகந்ததாகக் கருதப்படும் பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று என்றால் கூட்டம் அள்ளும். வரிசையில் நாற்பது பேர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கோப்பை வைத்த பையனுக்கு இருபது வயது இருக்கும். பெயர் கேட்டான், பணம் வாங்கினான், கீறினான். வாப்பாவுக்கு முந்தைய வருடம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது; ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை தினமும். அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கருஞ்சீரக எண்ணெய் தடவிப் பஞ்சு வைத்து ஒட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வருவதற்குள் வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்துவிட்டது. நான் தைத்த சட்டை. பஞ்சு மாற்றினோம், மறுபடி நனைந்தது. இரவு பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி. கீறல்கள் தேவைக்கு மேல் ஆழம் என்றார் டாக்டர். அழுத்திக் கட்டி, காலைவரை வைத்திருந்து அனுப்பினார்கள். "என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையா?" என்று அவர் கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உடனே "சுன்னத்தை (நபிவழியை) கேலி செய்கிறான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். தேனிலும் ஹிஜாமாவிலும் நிவாரணம் உண்டு என்ற ஹதீஸை (நபிமொழியை) நானும் ஓதியவன்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் எழுபது வயதுக்காரரை அவசரமாகக் கீறச் சொல்லி அதில் எங்கே இருக்கிறது? சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, பி.யூ.எம்.எஸ். என்ற யுனானி மருத்துவப் பட்டம் படித்தவர்கள் முறையாகச் செய்கிறார்கள். போவதானால் அப்படி ஒருவரிடம் போங்கள். பிளேடு உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் ரத்தம் வழியாகப் பரவும். கை மரத்துப்போகிறது, பிடி தளர்கிறது என்றால் முதலில் எலும்பு டாக்டர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த முகாமில் தலைக்கு ஆயிரம் ரூபாயை வாய் பேசாமல் எண்ணி வைத்த அதே ஆட்கள், ஒரு பேன்ட் தைக்க ஐந்நூறு கேட்டால் என் கடை வாசலில் அரைமணி நேரம் பேரம் பேசுகிறார்கள். நபிகளாருக்கு ஹிஜாமா செய்த அபூ தைபாவுக்குக் கூலியாக ஒரு ஸாஉ (அக்கால அரபு முகத்தலளவு) பேரீச்சம்பழம் கொடுக்கச் சொன்னதாக ஹதீஸில் வருகிறது. வேலைக்கு உரிய கூலி என்று நான் அதைப் படிக்கிறேன். தையல்காரனுக்கும் கழுத்து இருக்கிறது ஐயா.

வாப்பா இப்போது நன்றாக இருக்கிறார். அந்தச் சட்டையின் கறை மட்டும் போகவில்லை. போன வாரம் கடைக்கு வந்து உட்கார்ந்து, மெதுவாக "அடுத்த பதினேழு என்றைக்கு?" என்று கேட்டார். பிறைக் கணக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லி, மெஷினை வேகமாக மிதித்தேன்.