பன்னீர் வடித்த தண்ணீர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மாமா ஈரோட்டுப் பக்கம் பாலைத் திரித்துப் பன்னீர் போடுகிறார். வடித்த தண்ணீரை எங்கே விடுவது என்று பக்கத்துத் தோட்டக்காரரோடு தினமும் தகராறு. அதில் பாக்டீரியா வளர்த்துக் கிருமிகளைக் கொல்லும் இயற்கைப் பொருள் எடுக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். மாமாவிடம் சொல்லலாமா? ஆன்டிபயாட்டிக் மாதிரி மருந்துக்கும் ஆகுமா?

ம.

அன்புள்ள ம.,

சொல்லுங்கள், ஆனால் பணம் போடச் சொல்லாதீர்கள்.

நான் எழுதியது நிசின் பற்றி. பாலில் வளரும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா, போட்டிக்கு வரும் மற்ற பாக்டீரியாக்களை அடிக்கச் சுரப்பது. 34 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் புரதம். எதிராளி செல் சுவர் கட்ட வைத்திருக்கும் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு சவ்வில் ஓட்டை போட்டுவிடும். சீஸ் டப்பாவில் சேர்பொருள் எண் 234 என்று பார்த்தால் இதுதான். அமெரிக்காவில் உணவில் சேர்க்க 1988இல் அனுமதித்தார்கள்.

மாமாவின் தண்ணீரில் லாக்டோஸ் சர்க்கரை நாலரை, ஐந்து சதவீதம் வரை இருக்கும். தோட்டக்காரர் கத்துவதும் அதனால்தான். வாய்க்காலில் போனால் அழுகி நாறும். இந்தப் பாக்டீரியாவுக்கு அந்தச் சர்க்கரை போதும், புரதம் போதாது. அது பெரும்பாலும் பன்னீரோடு போய்விட்டது. எனவே ஈஸ்ட் சாறு சேர்க்க வேண்டும், அதற்குக் காசு. வளர வளர லாக்டிக் அமிலம் ஏறி அதையே முடக்கும். அமிலத்தை முறிக்கும் காரப்பொருள் விட்டுப் புளிப்பை அடக்கினாலோ, சுரந்த நிசின் செல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். கடைசியில் அமிலம் விட்டுத்தான் உதிர்க்க வேண்டும்.

இதெல்லாம் கூடச் சமாளிக்கலாம். பிரித்தெடுப்பதுதான் செலவு. கடைக்கு வரும் தூளிலேயே நிசின் பொதுவாக இரண்டரை சதவீதம்தான், முக்கால் பங்குக்கு மேல் உப்பு! பிரிக்காமல், புளித்த பாலையோ பால் தண்ணீரையோ அப்படியே உலர்த்தி விற்பவர்களும் உண்டு. அதற்கும் ஸ்பிரே டிரையர் என்ற, தூளாக உலர்த்தும் இயந்திரம் வேண்டும். சிறிய யூனிட்டுக்குக் கட்டாது. மாடு வைத்திருப்பவர்களுக்குப் புளிக்கும் முன்பே கொடுத்துவிடுவதுதான் மாமாவுக்குச் சரிப்படும்.

மருந்துக்கு? மாத்திரையாக விழுங்கினால் குடல் நொதிகள் அதைச் சாதாரணப் புரதம் போலச் செரித்துவிடும். உணவில் சேர்க்கத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம், எல்லாக் கிருமியையும் அது அடிப்பதில்லை. உணவில் வரும் லிஸ்டீரியா போன்ற கிருமிகளைக் கொல்லும். ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற குடல் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் தனியாகப் போய் அவற்றை ஒன்றும் செய்யாது. பன்னீரில் பூஞ்சை பிடித்தாலும் நிசினால் பயனில்லை, தூக்கிப் போட்டுவிடச் சொல்லுங்கள்.