பழைய வீட்டின் சிறிய சமையலறையைக் குறைந்த செலவில் புதுப்பிக்கும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும்?

நாற்பது ஆண்டுப் பழைய வீடு, ஏழுக்கு ஒன்பது அடிச் சமையலறை, கையில் அளவான பணம். இந்த ஆண்டு அலமாரிகளையும் மேடையையும் மாற்றிவிட்டு, குழாய், மின்கம்பி போன்றவற்றை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்த ஒரு சொல்லோடு பதிலை முடித்திருக்கலாம்; ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அதே வரிசையில் நான் ஒருமுறை செய்து, அதற்கு இருமுறை பணம் கொடுத்தவள் என்பதால், கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியவில்லை.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் பொறியாளரும் அல்ல, உள்ளலங்கார வல்லுநரும் அல்ல. ஒரே சமையலறையை இரண்டு ஆண்டுகளுக்குள் இருமுறை பிரித்துக் கட்டிய அனுபவம் மட்டுமே என்னுடையது. "எங்கள் வீட்டில் அலமாரியை மட்டும் மாற்றினோம், பத்து ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது நிச்சயம் எழுதுவார்கள். அவர்கள் வீட்டுக் குழாய் நல்ல குழாயாக இருந்திருக்கும். உங்கள் வீட்டுக் குழாய் எப்படி இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அலமாரியைப் பற்றி யோசியுங்கள் என்பதுதான் என் வாதம்.

எங்கள் சமையலறையும் ஏறத்தாழ உங்களுடைய அளவுதான். முதல் முறை வந்த ஒப்பந்தக்காரர் கணினித் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிறக் கதவுகள், கைப்பிடியே தெரியாத இழுப்பறைகள், மேடையின் மேல் ஒரு பூச்சாடி. அந்தப் படத்தில் தண்ணீர்க் குழாய் எந்த வழியாக வருகிறது, கழிவுநீர் எந்த வழியாகப் போகிறது என்று எதுவும் இல்லை, நானும் கேட்கவில்லை. எட்டே நாளில் வேலை முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள், நானும் மாலை வேளைகளில் காரணமே இல்லாமல் போய் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

ஏழாவது மாதம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த கதவு சரியாக மூடவில்லை. கீல்தான் தளர்ந்துவிட்டது என்று நினைத்துத் திருகாணியை முடுக்கினேன். அது சுற்றிக்கொண்டே இருந்ததே தவிரப் பிடிக்கவில்லை. பக்கப் பலகையை விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போயிற்று. மரத்துகளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்யும் அந்த வகைப் பலகையின் மேல்தாள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், வெட்டு விளிம்பின் வழியே ஈரம் புகுந்துவிட்டால் துகள்கள் ஊதிவிடும். காய்ந்த பிறகும் அது பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை, ஒருமுறை விட்ட பிடிமானம் திருகாணிக்குத் திரும்பக் கிடைப்பதும் இல்லை. அந்தப் பலகையே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஈரம் படாத இடத்தில் அது பல காலம் உழைக்கிறது, படுக்கையறை அலமாரியில் எங்களிடமே இருக்கிறது. ஆனால் தொட்டிக்குக் கீழே ஈரம் படாத இடம் என்று ஒன்று கிடையாது.

கசிவு எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் சுவரை உடைக்க வேண்டியதாயிற்று. உள்ளே இருந்தது துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய். இந்தக் குழாய்களில் துத்தநாகப் பூச்சு காலப்போக்கில் கரைந்துபோக, இரும்பு உட்புறமாகத் துருப்பிடித்து, அந்தத் துரு அடுக்கடுக்காகப் படிந்து வழியை அடைத்துக்கொண்டே வரும். குழாய்க்காரர் வெட்டி எடுத்த ஒரு சாண் துண்டை என் கையில் வைத்து, "இதற்குள் இத்தனை நாள் எப்படியம்மா தண்ணீர் வந்தது?" என்று கேட்டார். வெளியிலிருந்து பார்த்தால் கட்டைவிரல் பருமன். உள்ளே ஒரு பென்சில் நுழையும் துளைதான் மிஞ்சியிருந்தது, அதன் சுற்றளவு முழுவதும் செங்கல் நிறத்தில் செதில் செதிலாகத் துரு. புதிய குழாய்முனையைப் பொருத்துவதற்காக முதல் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பழைய மரையில் பலம் கொடுத்துத் திருகியிருக்கிறார்கள். அந்த அசைவில் சுவருக்குள் இருந்த அடுத்த இணைப்பு விட்டுவிட்டது. சொட்டுச் சொட்டாக ஏழு மாதம். அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோது, அலமாரிக்குத்தான் உத்தரவாதம், சுவருக்கு இல்லை என்றார். ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் எழுதியிருந்தது. நீங்கள் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள்.

ஆகவே உங்கள் முதல் செலவு சுவருக்குள் போகட்டும். வீட்டில் நீரின் வேகம் குறைவாக இருக்கிறதா, காலையில் முதலில் திறக்கும்போது பழுப்பாக வருகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் இரும்புக் குழாயைச் சமையலறை வரைக்குமாவது முழுமையாக மாற்றிவிடுவதே நல்லது, துண்டு துண்டாக ஒட்டுப் போடுவது அடுத்த இணைப்பும் விட்டுப்போக வழிசெய்வதற்குச் சமம். சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உப்பியிருந்தாலோ வெண்மையாக உப்புப் பூத்திருந்தாலோ அது ஓதம். அதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அதன் மேல் டைல்ஸ் ஒட்டினால் ஈரம் டைல்ஸின் எல்லையைத் தாண்டி மேலே ஏறி வெளிப்படும், போகாது.

மின்சாரத்தில் எங்களுக்கு ஆபத்து நேராமல் தப்பியது தற்செயல். பழைய வீடுகளில் சமையலறைக்கு ஒரு விளக்கும் ஒரு சிறு கருவியும் போதும் என்ற கணக்கில்தான் கம்பி இழுத்திருப்பார்கள். 230 வோல்ட் வரும் வீட்டில் 16 ஆம்பியர் இணைப்பு ஒன்று தாங்கக்கூடியது 3,680 வாட். ஒரு மின்கெட்டிலும் ஒரு சிறிய மின்னடுப்பும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். அந்தக் காலக் கம்பியோ அதைவிடவும் மெல்லியது. எங்கள் சுவிட்ச் பலகையைக் கழற்றியபோது, பின்புறம் கம்பியின் உறை கருகி, தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. சமையலறைக்கென்று தனி மின்சுற்று, முறையான நில இணைப்பு (எர்த்), 30 மில்லியாம்பியர் மின்கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் பாதுகாப்புக் கருவி, இந்த மூன்றையும் உரிமம் பெற்ற ஒருவரைக் கொண்டு செய்துகொள்ளுங்கள். இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது, யாரும் பாராட்டவும் மாட்டார்கள்.

தொட்டியை ஜன்னலுக்குக் கீழே நகர்த்த ஆசையாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசை எனக்கும் இருந்தது. கழிவுநீர்க் குழாய்க்கு மீட்டருக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் சாய்வு வேண்டும்; தொட்டியை இரண்டு மீட்டர் தள்ளினால் குழாய் 4 சென்டிமீட்டர் இறங்கியாக வேண்டும், அதற்குத் தரையை வெட்ட வேண்டும் அல்லது வெளியேறும் துளையை மாற்ற வேண்டும். சாய்வு குறைந்தால் அடைத்துக்கொள்ளும். தொட்டியை இருந்த இடத்திலேயே விட்டதில் எனக்கு மிஞ்சிய பணத்தில் முழு மின்வேலையும் முடிந்தது. சுவரை இடித்து அறையைத் திறந்துவிடும் யோசனைக்கும் இதே பதில்தான். அது பாரம் தாங்கும் சுவரா இல்லையா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் ஆளை நம்பாமல், கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள்.

நாங்கள் சுவரை விட்டுவிட்டுக் கதவை எடுத்தோம். 75 சென்டிமீட்டர் அகலக் கதவு ஒன்று உட்புறமாகத் திறக்கும்போது தரையில் கால்வட்டமாக 0.44 சதுர மீட்டரை விழுங்கிவிடுகிறது. ஆறு சதுர மீட்டருக்கும் குறைவான அறையில் அது சிறிய இழப்பு அல்ல. அதற்குப் பதிலாகச் சுவரை ஒட்டி நகரும் கதவு போட்ட பிறகுதான் அந்த மூலையில் குறுகலான ஓர் உயர அலமாரிக்கு இடம் கிடைத்தது.

இது என் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த பிராங்பர்ட் சமையலறையைப் பற்றிப் படித்தேன். அது 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், உங்கள் அறையைவிடச் சற்றே பெரியது. அதிலும் நகரும் கதவுதான். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறையைப் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் நேரம் பிடித்து அளந்து, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். தான் அதுவரை சமைத்ததும் இல்லை, வீட்டை நடத்தியதும் இல்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சமைக்காவிட்டாலும் அவர் அளந்தார், அதுவே பெரிய விஷயம்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் அளக்கவில்லை. மேடை தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது பொது அளவு என்று சொல்லிக் கட்டிவிட்டுப் போனார்கள். என் உயரம் 150 சென்டிமீட்டர். நின்ற நிலையில் முழங்கையிலிருந்து பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கீழே மேடை இருந்தால்தான் தோள் தூக்காமல் கத்தியைப் பிடிக்க முடியும்; என் முழங்கை 94இல் இருக்கிறது, ஆகவே எனக்கு வேண்டியது 79 முதல் 84 வரை. அடுப்பின் உயரமும் மேடையின் மேல் சேர்ந்துகொள்ள, பாத்திரத்தின் உள்ளே பார்க்க நான் எக்க வேண்டியிருந்தது. இதில் எரிச்சல் என்னவென்றால், நாங்கள் இடித்துத் தள்ளிய பழைய மேடை சரியாக 81 சென்டிமீட்டர்தான் இருந்தது, உறுதியாகவும் இருந்தது. அது பழையது என்பதைத் தவிர அதில் குறை எதுவும் இல்லை. ஒப்பந்தக்காரர் என் உயரத்தைக் கேட்கவில்லை, என் கணவரின் கைப்பேசி எண்ணைத்தான் கேட்டார். எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மரப்பலகை செய்து, ஏழு மாதமும் அதன் மேல் நின்றுதான் வேலை செய்தேன். இரண்டு முறை கால் தவறியும் இருக்கிறது. இரண்டாம் முறை எப்படியும் கல்லைத் தூக்கிச் சுவரைப் பிரிக்க வேண்டியிருந்ததால், திரும்பப் பதிக்கும்போது 82இல் வைக்கச் சொன்னேன். கூடுதல் செலவு அரை நாள் கூலி.

அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி மூன்றுக்கும் இடையிலான முக்கோணத்தைப் பற்றி யாராவது உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 4 மீட்டருக்கும் 7.9 மீட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பார்கள். நம்முடையதைப் போன்ற அறையில் மூன்றையும் மூலைக்கு ஒன்றாக வைத்தால் அந்தக் கூட்டுத்தொகை கிடைத்துவிடும், ஆனால் அதனால் மட்டும் வேலை செய்ய இடம் கிடைத்துவிடாது. ஆகவே அந்த விதி நமக்கானது அல்ல. தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் தடையில்லாத மேடை 90 சென்டிமீட்டர் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதை அறிய, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேடை போல வைத்துக்கொண்டு இரண்டு நாள் நடமாடிப் பார்த்தேன். இழுப்பறையை முழுதாக இழுத்தால் பின்னால் நிற்க இடம் இருக்காது என்பது அந்த அட்டைப்பெட்டிகளால்தான் தெரிந்தது. அப்படிச் செய்து பார்த்தது எதிர்ச் சுவரில் போடவிருந்த அலமாரியின் ஆழத்தை 60இலிருந்து 30 சென்டிமீட்டராகக் குறைக்க வைத்தது, பலகைச் செலவும் குறைந்தது.

மற்றவை சுருக்கமாக. பழைய மர அலமாரிகளின் சட்டம் நன்றாக இருந்தால் கதவுகளை மட்டும் மாற்றுங்கள். ஆனால் பழைய வண்ணத்தைச் சோதிக்காமல் உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம், ஈயம் கலந்த வண்ணமாக இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்கு 1978இல்தான் தடை வந்தது. கூரையிலோ தரை ஓட்டிலோ கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும் என்ற ஐயம் வந்தால் அதை உடைக்காமல், அறிந்தவரைக் கூப்பிடுங்கள். கீழ் அலமாரிகளில் தட்டுகளுக்குப் பதில் இழுப்பறைகள். தொட்டிக்குக் கீழே மட்டும் கொதிநீரிலும் பிரியாத தர பிளைவுட், அதுவும் தரையில் படாமல் கால்களின் மேல். விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் கூரையில் இருந்தால் உங்கள் நிழலே கத்தியின் மேல் விழும். மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி ஓர் எல்.இ.டி. பட்டை போட்டால் அது தீரும்.

பணத்தைப் பொறுத்தவரை, என் இரண்டாம் கணக்கில் நூறு பங்கில் 40 பங்கு குழாய், மின்கம்பி, பூச்சு ஆகியவற்றுக்கும், 35 பங்கு அலமாரிக்கும் கல் வேலைக்கும் போயிற்று. 20 பங்கை எதிர்பாராததற்கு என்று தனியே எடுத்து வைத்திருந்தேன், அதில் 17 கரைந்தது. மீதி வண்ணத்துக்கு. இந்த விகிதம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். எதிர்பாராதது என்ற இனத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருக்க முடியுமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். முடியும். கூடத்தின் ஒரு மூலையில் மேசையும் ஒற்றை மின்னடுப்பும் போதும். பாத்திரங்களைக் குளியலறையில் கழுவ வேண்டியிருக்கும், அதுதான் சலிப்பு. பத்து நாள் என்றார்கள், எங்களுக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அந்த மரப்பலகையை எறிய மனம் வரவில்லை. உயர அலமாரியின் மேல்தட்டை எட்டுவதற்கு இப்போதும் அதைத்தான் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.