ஹெக்லாவின் கீழ்த்தளத்து ஈரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வில்லியம் எட்வர்ட் பாரியின் 1819ஆம் ஆண்டு ஆர்க்டிக் பயணம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஹெக்லா, கிரைப்பர் இரண்டும் மரக் கப்பல்கள். பனியில் தற்செயலாகச் சிக்கிக்கொண்டனவா? பத்து மாதக் குளிரை எப்படித் தாங்கினார்கள்? எலுமிச்சைச் சாறு இருந்தும் ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய், ஏன் வந்தது?

குமரன்

அன்புள்ள குமரன்,

சிக்கவில்லை, பனியை அறுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கனடாவின் வடகோடியிலுள்ள மெல்வில் தீவில் தோதான துறை கிடைத்தபோது செப்டம்பர் கடைசி. சுமார் 7 அங்குலக் கனத்துக்குப் பனி மூடிவிட்டது. இணையாக இரண்டு கோடுகள் அறுத்து, குறுக்கே துண்டுபோட்டு, துண்டுகளை வெளியே மிதக்கவிட்டார்கள். நல்ல காற்று அடித்தபோது மாலுமிகள் துண்டுகளின் மேலேயே படகுப் பாயை விரித்து ஓட்டினார்கள். மூன்று நாளில் 4082 கெஜம், ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர்.

பிறகு மேல் பாய்மரங்களை இறக்கி, தளத்துக்குப் பலகையும் கனத்த துணியும் கொண்டு கூரை போட்டார்கள். வெளியே குளிர் மைனஸ் 48 டிகிரி செல்சியஸ் வரை போனது. ஆனால் கீழ்த்தளத்தில் பெருந்தொல்லை ஈரம்தான். மூச்சும் சமையல் ஆவியும் கப்பல் சுவரில் பட்டு நீராகி உறையும். சுவரோரப் படுக்கைகள் நனைந்து கிடக்கும். உறைந்ததைச் சுரண்டி எடுப்பது அன்றாட வேலையாயிற்று.

எலுமிச்சைச் சாற்றை ஒவ்வொருவரும் அதிகாரி முன்னிலையில் தினமும் குடிக்க வேண்டும். சிக்கல் பாட்டிலில். சாறு உறையும்போது முதலில் கட்டியாவது தண்ணீர். புளிப்பு நடுவில் திரண்டு திரவமாக நிற்கும். கண்ணாடி வெடித்தால் ஒழுகிப்போவது அந்த நடுப்பகுதி. உருக்கிக் குடிப்பவருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் தண்ணீர்.

1820 ஜனவரியில் ஹெக்லாவின் பீரங்கிப் பொறுப்பாளருக்கு ஸ்கர்வி கண்டது. படுக்கையின் ஈரத்தைத்தான் பாரி குறை சொன்னார். வைட்டமின் சி யாருக்கும் தெரியாத காலம், சிரிக்க வேண்டியதில்லை. ஏனென்றால் மருந்தைச் சரியாகவே பிடித்தார். தன் அறை அடுப்பின் குழாயை ஒட்டி, மண் நிரப்பிய ஆழமில்லாத பெட்டிகளில் கடுகும் கிரெஸ் என்ற காரமான கீரையும் விதைத்தார். ஆறேழு நாளில் அறுவடை. வெயில் படாததால் வெளிறிய தளிர், ஆனால் காரம் குறையவில்லை. நோயாளிக்குத் தினம் ஒரு அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. ஒன்பதாம் நாள் எழுந்து நடந்தார், பந்தயமே ஓடுவேன் என்றாராம்.

ஈரத்தைப் பாரி மறக்கவில்லை. 1821இல் அடுத்த பயணத்துக்குக் கிளம்பியபோது சுவரோரப் படுக்கைகளை எடுத்துவிட்டுத் தொங்கு தூளிகள் கட்டினார். கீழே சூடான காற்றைப் பரப்பும் சில்வெஸ்டர் அடுப்பும் வந்தது.